மூன்றாம் இடத்து வாக்குகள்: திண்டுக்கல் சமவெளியும் இரு தேசியங்களும்

தமிழ்த் தேசியம் பேசும் கட்சிகளுக்கும் இந்துத் தேசியம் பேசும் கட்சிகளுக்கும் தமிழ்நாட்டில் வாக்களிப்பவர்கள் ஒரே மக்கள்தானா? திராவிடக் கட்சிகளின் மேடைகளில் இதற்கு ஆம் என்று பதில் வந்து நெடுநாளாகிறது. நாம் தமிழர் கட்சி பா.ஜ.க.வின் 'பி டீம்' என்பது அந்தப் பதிலின் சுருக்கம். நாம் தமிழர் தரப்போ, தங்களுக்கு வரும் ஒவ்வொரு வாக்கும் இன உணர்வால் விளைந்தது என்கிறது. தேர்தல் கணக்குகளைப் பார்ப்பவர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள்: இரு கழகங்கள் மீதும் சலித்தவர்கள் அந்தந்தத் தேர்தலில் கண்ணில் படும் மூன்றாவது சின்னத்தில் குத்திவிட்டுப் போகிறார்கள்; அதில் தேசியமும் இல்லை, தெய்வீகமும் இல்லை.

இம்மூன்று பதில்களுக்கும் நீண்ட வரலாறு உண்டு. மூன்றிலும் ஓட்டைகளும் உண்டு. அவற்றை மாநில அளவில் பொத்தாம்பொதுவாகப் பேசுவதைவிட ஒரு நிலப்பரப்பில் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். திண்டுக்கல் மக்களவைத் தொகுதி அதற்குப் பொருத்தமான இடம். பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதில் அடங்கும். தோல் பதனிடும் தொழிலும் பூட்டுத் தொழிலும் வளர்ந்த நகரம், பூவும் காய்கறியும் விளையும் சமவெளி, முருகனின் மலை, தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் பல சமூகங்கள் எல்லாம் ஒரே தொகுதிக்குள் இருக்கின்றன. இரு தேசியங்களும் உரிமை கோருகிற அடையாளங்களும் இங்கே இருக்கின்றன. இரண்டும் தடுக்கி விழுகிற கற்களும் இங்கேயே கிடக்கின்றன.

நாம் தமிழரோடு சேர்த்து பா.ஜ.க.வையும் ஓரத்துக் கட்சி என்பது டெல்லியிலிருந்து பார்ப்பவருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். தமிழ்நாட்டுத் தேர்தல்களில் அது நின்ற இடம் நெடுங்காலமாக ஓரம்தான். இக்கட்டுரை கையாளும் வாக்குக் கணக்கு 2025 பிப்ரவரி ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலோடு முடிகிறது; விஜய்யின் தமிழக வெற்றிக் கழகம் வாக்குச்சீட்டில் இடம்பெறாத காலம் அது.

கேள்வியின் வயது

ம.பொ. சிவஞானம் 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். வடக்கெல்லைப் போராட்டம் அவர் பெயரோடு ஒட்டியது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்ததில் அந்த இயக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சி.பா. ஆதித்தனார் 1958இல் 'நாம் தமிழர்' இயக்கத்தை நிறுவினார். 1960இல் தமிழ்நாடு நீங்கலான இந்திய வரைபடத்தை எரிக்கும் போராட்டத்தில் பெரியாரோடு சேர்ந்து நின்றார். ஈ.வெ.கி. சம்பத் 1961இல் தி.மு.க.விலிருந்து வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சியைக் கண்டார். 1962 தேர்தலில் ஆதித்தனாரின் கட்சிக்கும் சம்பத்தின் கட்சிக்கும் ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. சம்பத் 1964இல் காங்கிரசில் சேர்ந்தார். 1967இல் ம.பொ.சி. தி.மு.க. கூட்டணியில் சட்டமன்றம் சென்றார், ஆதித்தனார் தி.மு.க.வில் கரைந்து சபாநாயகரானார்.

இந்தக் காலகட்டத்தை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே திசையில் விளக்கம் தந்தார்கள். மார்கரெட் ராஸ் பார்னெட் 1976இல் வெளிவந்த தம் நூலில், தி.மு.க. பண்பாட்டுத் தேசியத்தை எப்படித் தேர்தல் அரசியலாக மாற்றியது என்று காட்டினார். நரேந்திர சுப்பிரமணியன் 1999இல் எழுதிய நூல், திராவிடக் கட்சிகள் பல தரப்பினரையும் உள்ளே இழுத்துக்கொண்டதால் இன உணர்வு தீவிர வடிவம் எடுக்காமல் தணிந்தது என்று வாதிட்டது. சுருக்கமாகச் சொன்னால், ஓரத்தில் முளைத்த கோரிக்கைகளை நடுவில் இருந்த கட்சி எடுத்துக்கொண்டது. 1963இன் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தத்தை ஒட்டிப் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்ட தி.மு.க., தமிழ்நாடு என்ற பெயரையும் இருமொழிக் கொள்கையையும் ஆட்சிக்கு வந்ததும் நிறைவேற்றியது. அதன்பின் ம.பொ.சி.க்கும் ஆதித்தனாருக்கும் தனியாகக் கேட்பதற்கு அதிகம் மிஞ்சவில்லை.

வலுவான விளக்கம்தான். ஆனால் 2010க்குப் பிறகு நடந்ததை அது விளக்கவில்லை. இடையில் வந்த ம.தி.மு.க.வரைக்கும் அது பொருந்துகிறது. வைகோ 1994இல் கட்சி தொடங்கினார்; 1996இல் கழகங்களுக்கு மாற்றாக நின்று சட்டமன்றத்தில் ஒரு இடமும் பெறவில்லை. 1998இல் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் இருந்த கூட்டணியில் சேர்ந்ததும் மூன்று மக்களவை உறுப்பினர்கள் கிடைத்தார்கள். அந்த மூவரில் ஒருவர் பழனித் தொகுதியில் வென்ற அ. கணேசமூர்த்தி. ஈழ ஆதரவைக் கொடியாகப் பிடித்த கட்சியும் இந்துத்துவக் கட்சியும் ஒரே மேடையில் நின்று பழனியில் வாக்குக் கேட்டது 1998லேயே நடந்துவிட்டது. இன்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசப்படும் நெருக்கத்துக்கு, பழனி அடிவாரத்தில் கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது.

நாம் தமிழர் கட்சி இந்த வழியில் போகவில்லை. 2010 மே 18 அன்று மதுரையில் ஆதித்தனாரின் இயக்கப் பெயரை எடுத்துக்கொண்டு தொடங்கிய அது, பெரிய கட்சிகள் எதனோடும் கூட்டணி வைக்காமல் 2024 வரை நான்கு பொதுத்தேர்தல்களைச் சந்தித்தது. 2016இல் சுமார் 1 சதவீதம், 2019இல் 4 சதவீதத்தை ஒட்டி, 2021இல் ஆறரைக்குச் சற்று மேல், 2024இல் 8க்குச் சற்று மேல் என்று அதன் பங்கு ஏறியது. 2025 ஜனவரியில் மாநிலக் கட்சியாக அங்கீகாரமும் கிடைத்தது. நடுவிலிருப்பவர் எடுத்துக்கொண்டுவிடுவார் என்ற பழைய விளக்கம் இங்கே நின்றுபோகிறது.

மூன்றாவது நாற்காலி

சலிப்பு வாக்கு என்னும் விளக்கத்துக்குத் திண்டுக்கல்லே தாய்வீடு எனலாம். 1973 மே மாதம் நடந்த மக்களவை இடைத்தேர்தலில், பிறந்து சில மாதங்களே ஆன அ.தி.மு.க. இரட்டை இலைச் சின்னத்தில் மாயத்தேவரை நிறுத்தி வென்றது. இரண்டாம் இடம் பழைய காங்கிரசின் என்.எஸ்.வி. சித்தனுக்கு, மாநிலத்தை ஆண்ட தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. அன்று முதல், கழகத்தை எதிர்த்து எழும் ஒவ்வொரு புதுக்கட்சியும் தன் எதிர்காலத்தைத் திண்டுக்கல் கதையில் தேடுகிறது.

பிந்தைய தேர்தல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. 2009இல் தனித்து நின்ற விஜயகாந்தின் தே.மு.தி.க. இத்தொகுதியில் ஏறக்குறைய ஒரு லட்சம் வாக்கு பெற்று மூன்றாவதாக வந்தது. 2014இல் அதே தே.மு.தி.க., இம்முறை பா.ஜ.க. கூட்டணியில், ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகப் பெற்று மறுபடியும் மூன்றாவது. 2019இல் அந்த இடத்துக்கு மூவர் போட்டியிட்டார்கள்: அ.ம.மு.க. 62,875, நாம் தமிழர் 54,957, மக்கள் நீதி மய்யம் 38,784. 2024இல் அ.ம.மு.க. பா.ஜ.க. கூட்டணிக்கும் மக்கள் நீதி மய்யம் தி.மு.க. கூட்டணிக்கும் போய்விட, நாம் தமிழர் 97,845 வாக்கு பெற்றது. 15 ஆண்டுகளில் மொத்த வாக்குகள் பெருகின. கட்சிகள் வந்தன, போயின. முதன்மை அணிகளுக்கு வெளியே நிற்பவருக்கு ஒரு லட்சம் என்ற அளவு மட்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: மூன்றாம் இடம் என்பது ஒரு நாற்காலி, அதில் யார் உட்கார்ந்தாலும் ஒரு தொகை வாக்கு வந்து சேர்கிறது. சினிமாப் புகழ் உட்கார்ந்தபோதும், தாமரையோடு கூட்டணி வைத்தபோதும், தமிழ்த் தேசியம் உட்கார்ந்தபோதும் வந்தது. ஆகவே 97,845 பேரும் தமிழ்த் தேசியர் என்று அக்கட்சி சொல்லிக்கொள்வதை ஏற்பது கடினம்.

அதேசமயம் சலிப்பு வாக்கு என்று கைகழுவிவிடுவதற்கும் தடை இருக்கிறது. சலிப்பு வாக்கின் இயல்பு கரைவது. தே.மு.தி.க. 2006இல் 8 சதவீதத்தையும் 2009இல் 10 சதவீதத்தையும் தொட்டு, 2016இல் இரண்டரை சதவீதத்துக்கும் கீழே சரிந்தது. நாம் தமிழர் தொடர்ந்து ஏறியது. வேட்பாளர் முகமும் காரணமாகத் தெரியவில்லை. 2019இல் திண்டுக்கல்லில் நின்றவர் நடிகர் மன்சூர் அலிகான். அவருடைய பிரச்சாரத்தை நாடே பார்த்தது. 2024இல் நின்ற கயிலைராஜனுக்குத் திரைப்புகழ் கிடையாது. கரும்பு விவசாயி சின்னமும் அம்முறை கைவிட்டுப்போய் மைக் சின்னம் வந்தது. வாக்கு மட்டும் ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் கீழிருந்து சுமார் எட்டரை சதவீதமானது. முகமும் சின்னமும் மாறியபின்னும் வாக்கு கூடுமானால், கட்சியின் பெயரைத் தேடிப் போய் அழுத்துகிற ஒரு கூட்டம் உருவாகிவிட்டது என்றுதான் பொருள். அது எவ்வளவு பெரிது என்பதுதான் தகராறு.

இன்னொரு காரணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2019இல் அ.தி.மு.க. அணி திண்டுக்கல்லைப் பா.ம.க.வுக்குக் கொடுத்தது. 2024இல் அ.தி.மு.க. அதை எஸ்.டி.பி.ஐ.க்குக் கொடுத்தது, பா.ஜ.க. அணி மறுபடியும் பா.ம.க.வுக்கே கொடுத்தது. வட மாவட்டங்களில் வேர் கொண்ட கட்சி பா.ம.க. அடுத்தடுத்து இரு தேர்தல்களில், தி.மு.க.வை எதிர்க்கும் வாக்காளருக்குத் தனக்குப் பழக்கமான பெரிய கட்சியின் சொந்த வேட்பாளர் கிடைக்கவில்லை. நாம் தமிழர் வளர்ந்ததில் இந்த வெற்றிடத்துக்கும் பங்கு இருக்க வேண்டும்.

ஈழத்தின் கணக்கு

கொள்கை வாக்கு என்பவர்கள் 2009இலிருந்து தொடங்குகிறார்கள். ஜனவரி 29 அன்று சென்னையில் முத்துக்குமார் தீக்குளித்தார். மே 18இல் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. 2013 மார்ச்சில் கல்லூரி மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். 2017 ஜனவரியில் ஏறுதழுவலுக்காக இளைஞர்கள் கடற்கரையில் கூடினார்கள். மதுரை தமுக்கத்திலும் பிற ஊர்களிலும் அதே எழுச்சி இருந்தது. இந்தத் தலைமுறைக்குத் திராவிடக் கட்சிகள் துரோகம் செய்தவையாகத் தெரிந்தன. அந்த மனக்காயமே நாம் தமிழரின் வித்து என்பது வாதம்.

அந்த வலி உண்மையானது. அதைத் தேர்தல் தந்திரமாகச் சுருக்கிப் பேசுவது நேர்மையாகாது. ஆயினும் வலி வாக்காக மாறிய வழி நேரானதில்லை. 2009 மே 13 அன்று, முள்ளிவாய்க்காலில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வாரத்தில், தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்தது. தி.மு.க.–காங்கிரஸ் அணி 39 இடங்களில் 27ஐ வென்றது. விருதுநகரில் வைகோவே தோற்றார். திண்டுக்கல்லில் வென்றவர் காங்கிரஸ் வேட்பாளர். 1973இல் தோற்ற அதே என்.எஸ்.வி. சித்தன். ஈரோட்டில் ஈ.வி.கே.எஸ். இளங்கோவனும் மயிலாடுதுறையில் மணிசங்கர் ஐயரும் தோற்றதை ஈழ உணர்வின் விளைவாகக் காட்டுவோர், திண்டுக்கல்லுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் படுவது: ஈழம் நாம் தமிழருக்குத் தந்தது ஊழியர்களை. சுவரொட்டி ஒட்டவும், தெருமுனைக் கூட்டம் நடத்தவும், பணம் வாங்காமல் பூத்தில் உட்காரவும் ஆயத்தமான இளைஞர்களை அது உருவாக்கியது. 234 தொகுதியிலும் சரிபாதிப் பெண் வேட்பாளர்களை நிறுத்துகிற அளவுக்கு அமைப்பு வளர்ந்தது அவர்களால். வாக்காளரைக் கொண்டுவந்தவை அதன்பின் சேர்ந்த பேச்சுகள்: மணல் கொள்ளை, மீத்தேன், ஸ்டெர்லைட், எட்டுவழிச் சாலை, உழவு, வேலை. ஊழியர் சேர்ந்த காரணத்தையும் வாக்காளர் வந்த காரணத்தையும் ஒன்றாகக் குழப்புவதுதான் இந்த விளக்கத்தின் பலவீனம்.

மலையடிவாரத்தில் இருவர்

அடையாளங்களில் இரு தேசியங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிவதைப் பழனியைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. நாம் தமிழரின் தலைமை ஒருங்கிணைப்பாளர் சீமான் முருகனைத் தமிழரின் முப்பாட்டன் என்கிறார். நாம் தமிழரின் பண்பாட்டுப் பிரிவான வீரத்தமிழர் முன்னணி தைப்பூசத்தைக் கொண்டாடுகிறது. 2020 நவம்பரில் அன்றைய மாநிலத் தலைவர் எல். முருகன் தலைமையில் பா.ஜ.க. வேல் யாத்திரை நடத்தியது. அடுத்த தைப்பூசத்தை, 2021இல், அ.தி.மு.க. அரசு பொதுவிடுமுறையாக்கியது. 2024 ஆகஸ்டில் தி.மு.க. அரசின் அறநிலையத்துறை பழனியில் அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாட்டை நடத்தியது. 2025 ஜூனில் இந்து முன்னணி மதுரையில் முருக பக்தர்கள் மாநாடு கூட்டியது. ஐந்தாண்டுக்குள் மாநிலத்தின் எல்லாப் பெரிய அரசியல் தரப்புகளும் ஆறுமுகன் முன் வந்து நின்றுவிட்டன.

ஆனால் இவர்கள் கேட்பதைக் கவனித்தால் நெருக்கம் குறைகிறது. தமிழ்த் தேசியர் கேட்பது கருவறையில் தமிழ், குடமுழுக்கில் தமிழ், அர்ச்சகராவதில் சமத்துவம். அவர்களுடைய எதிரி சமஸ்கிருதமும் அதன் பின்னாலிருக்கும் அதிகாரமும். இந்து முன்னணியும் பா.ஜ.க.வும் கேட்பது கோயிலிலிருந்து அரசு வெளியேற வேண்டும் என்பது. அவர்களுடைய எதிரி அறநிலையத்துறையும், சில வேளைகளில் வேற்று மதத்தவரும். 2024 ஜனவரியில் பழனிக் கோயிலில் கொடிமரத்தைத் தாண்டி இந்து அல்லாதோர் செல்லக் கூடாதென அறிவிப்புப் பலகை வைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தபோது, இரு தேசியங்களின் இடைவெளி வெளிப்பட்டது. மதத்தால் தமிழரைப் பிரிக்காதது தன் கொள்கை என்று சொல்லும் நாம் தமிழர் கட்சி, இதே தொகுதியில் 2019இல் ஓர் இஸ்லாமியரை வேட்பாளராக நிறுத்தியிருந்தது. பேகம்பூர்ப் பகுதியையும் தோல் வணிகத்தையும் கொண்ட திண்டுக்கல் நகரில் அது சிறிய செய்தி கிடையாது.

ஆகவே அடையாளம் ஒன்று, கோரிக்கை இரண்டு என்பதே இன்றைய நிலை. ஆய்வுகள் பெரும்பாலும் முதல் பாதியைப் பார்த்துவிட்டு வாக்கைப் பற்றிப் பேசுகின்றன. காவடி எடுக்கிற பக்தர் அடிவாரத்தில் எந்தக் கொடி பறந்தாலும் மலையேறுகிறார். வாக்களிக்கும் நாளில் அவருக்கு நூறு நாள் வேலையும் மகளிர் உரிமைத் தொகையும் ஊர்ச் செயலாளரின் முகமும் எதிரில் நிற்கின்றன. 2021இல் ஆத்தூர்த் தொகுதியில் தி.மு.க.வின் இ. பெரியசாமி 1,35,571 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்; மாநிலத்திலேயே பெரிய வித்தியாசம் அது. முருகனைப் பற்றிய எந்த விவாதமும் அத்தகைய ஊர் வலையமைப்பைத் தொட்டதாகத் தெரியவில்லை.

ஈரோடும் விக்கிரவாண்டியும்

இரு தேசியங்களின் வாக்காளர் ஒன்றா என்று சோதிக்க, அண்மையில் இரண்டு இடைத்தேர்தல்கள் நல்ல வாய்ப்பளித்தன. திண்டுக்கல்லுக்கு வெளியே நடந்தவை என்றாலும் இங்கே அவசியம்.

2025 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கில் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் போட்டியிடவில்லை. தேர்தலுக்கு முந்தைய மாதத்தில் சீமான் பெரியாரைக் கடுமையாகத் தாக்கியிருந்தார். அதுவும் பெரியாரின் சொந்த ஊரிலேயே தேர்தல். நாம் தமிழருக்கு 24,151 வாக்குகள் கிடைத்தன. 2023 இடைத்தேர்தலில் பெற்றது 10,827. இரண்டு மடங்குக்கும் மேல். வலதுசாரி வாக்கு அப்படியே இடம்பெயர்ந்தது என்று பலர் எழுதினார்கள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த முடிவு நிற்கவில்லை. 2023இல் அ.தி.மு.க. அங்கே பெற்றது சுமார் 44 ஆயிரம். நாம் தமிழருக்குக் கூடியது 13 ஆயிரத்துச் சொச்சம். மீதி எங்கே போயிற்று? தி.மு.க. அணியின் வாக்கு சுமார் ஐந்தாயிரம் கூடியது. நோட்டா 6 ஆயிரத்தைத் தாண்டியது. வாக்குப்பதிவு விகிதம் குறைந்தது, அதாவது பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தி.மு.க. எதிர்ப்பாளருக்கு வேறு பெரிய வழியே இல்லாத களத்தில்கூட அவர்களில் பெரும்பாலோர் நாம் தமிழரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கட்சி டெபாசிட்டையும் இழந்தது.

2024 ஜூலையில் விக்கிரவாண்டியிலும் அ.தி.மு.க. புறக்கணித்தது. அங்கே பா.ஜ.க. கூட்டணியின் சார்பில் பா.ம.க. களத்தில் இருந்தது, 56 ஆயிரத்துக்கு மேல் பெற்றது. நாம் தமிழர் பெற்றது 10,602. 2021இல் அங்கே பெற்றதைவிட இரண்டாயிரத்துச் சொச்சம் கூடுதல், அவ்வளவே. ஊருக்குள் பிடிமானமுள்ள வேறொரு எதிர்க்கட்சி நின்றால் தமிழ்த் தேசியத்தின் பக்கம் புதிதாக அதிகம் பேர் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால், எதிர்ப்பு வாக்கின் ஒரு பகுதி வழியில்லாதபோது மட்டும் நாம் தமிழரிடம் ஒதுங்குகிறது எனலாம். அது இந்துத் தேசிய வாக்கு என்பதற்கு இவ்வெண்களில் சான்று இல்லை. அ.தி.மு.க.வின் வாக்காளரை இந்துத் தேசியர் என்று கொண்டால்தான் அந்த முடிவுக்கு வரலாம். அப்படிக் கொள்ள எந்த முகாந்திரமும் இல்லை.

2024இல் பா.ஜ.க. 11 சதவீதத்தையும் நாம் தமிழர் 8 சதவீதத்தையும் ஒரே தேர்தலில் தாண்டியதையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். ஒரே குளத்தில் இருவரும் வலை வீசியிருந்தால் ஒருவர் ஏற மற்றவர் இறங்கியிருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து ஏறினார்கள், அ.தி.மு.க. 20 சதவீதத்தை ஒட்டி நின்றது. ஜெயலலிதாவுக்குப் பின் அக்கட்சியின் பிடி தளர்ந்ததில் இரு கட்சிகளும் இரு பக்கமாகப் பயன் அடைந்தன என்ற விளக்கம் இப்போதைக்கு எல்லாவற்றையும்விடப் பொருத்தமாகத் தெரிகிறது.

யார் ஆள்வது

யாரும் வாழலாம், தமிழரே ஆள வேண்டும் என்பது நாம் தமிழரின் அடிப்படை நிலைப்பாடு. திண்டுக்கல் சமவெளியில் அது சிக்கலாகிறது. விருப்பாச்சி பாளையக்காரர் கோபால் நாயக்கர் ஆங்கிலேயரை எதிர்த்து இப்பகுதியில் கூட்டணி கட்டியவர். இப்பக்கத்தவர் பெருமையோடு நினைவுகூரும் பெயர் அது. நாட்டை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் பெற்றதும் விருப்பாச்சியிலும் ஐதர் அலியின் ஆளுகையிலிருந்த திண்டுக்கல்லிலும்தான். வேலு நாச்சியாரை இரு தேசியங்களும் உரிமை கொண்டாடுகின்றன. அவருக்குக் கதவு திறந்தவர்கள் ஒரு தெலுங்குப் பாளையக்காரரும் ஓர் இஸ்லாமிய ஆட்சியாளரும். மொழிவழித் தூய்மை பேசும் தேசியத்துக்கு முன்னவர் இடறல். மதவழித் தேசியத்துக்குப் பின்னவர் இடறல்.

தொகுதிக்குச் சற்று வெளியே உள்ள வேடசந்தூர்ப் பக்கமும் ஒட்டன்சத்திரத்திலும் நிலக்கோட்டையிலும் தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாகக் கொண்டோர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். திண்டுக்கல் நகரில் சௌராஷ்டிரர் இருக்கிறார்கள். பள்ளியிலும் சந்தையிலும் வழிபாட்டிலும் அவர்கள் மொழி தமிழ். இவர்களுள் உழவையும் நீரையும் பற்றி நாம் தமிழர் பேசுவதை விரும்பிக் கேட்பவர்கள் இருக்கக்கூடும்; ஆளும் உரிமை பற்றிப் பேச்சு வரும்போது அவர்கள் எங்கே நிற்பது? ஒட்டன்சத்திரத்துக் காய்கறியின் பெரும்பகுதி கேரளத்துக்குப் போகிறது. பழனிக்கு வரும் பக்தரிலும் மலையாளிகள் திரளானவர்கள். வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் வடமாநிலத் தொழிலாளர் வேலை செய்கிறார்கள். அண்டை மாநிலத்தோடு பகை பேசும் அரசியல், அண்டை மாநிலத்தை நம்பிப் பயிர் வைக்கும் உழவரிடம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது இந்த மண்ணுக்கே உரிய கேள்வி. என் பார்வையில் தமிழ்த் தேசியத்தின் மிகப் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. அதன் விமர்சகர்கள் 'பி டீம்' என்ற ஒற்றைச் சொல்லில் நிறைவடைந்து இதைப் பேசாமல் விடுவது வருத்தத்துக்குரியது.

மும்பையும் பிளாண்டர்சும்

மொழித் தேசியம் மதத் தேசியமாக மாறாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பவர்கள் சிவசேனையைக் காட்டுகிறார்கள். 1966இல் மும்பையில் தென்னிந்தியருக்கு, குறிப்பாகத் தமிழருக்கு, எதிராகத் தொடங்கிய கட்சி 1980களில் இந்துத்துவத்துக்கு மாறி பா.ஜ.க.வோடு கைகோத்தது. தமிழர் மறக்கக் கூடாத எடுத்துக்காட்டு. ஆனால் சிவசேனைக்குப் பெரியார் மரபைப் போன்ற ஒன்றோடு மோதித் தன் இடத்தைப் பிடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மராத்தி அடையாளமும் சிவாஜியின் நினைவும் முன்பே இந்து வடிவில் இருந்தன. 2025 ஜனவரியில் சீமான் பெரியாரைத் தாக்கியது அந்தத் திசையில் முதல் அடியா, தேர்தல் உத்தி மட்டுமா என்று இப்போதே தீர்ப்பெழுதுவது அவசரம்.

பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் வேறொரு பாதை காட்டுகிறது. அங்கே 1954இல் தோன்றிய மக்கள் ஒன்றியம் என்ற மொழித் தேசியக் கட்சியிலிருந்து 1970களின் இறுதியில் தீவிர வலதுசாரிகள் பிரிந்து பிளாம்ஸ் பிளாக் என்ற கட்சியாயினர். தாய்க்கட்சி 2001இல் உடைந்து மறைந்தது. அதன் கோரிக்கைகளில் பல அதற்குள் அரசமைப்பில் இடம்பெற்றுவிட்டன. வென்ற கோரிக்கையே கட்சியைக் கரைத்தது. ம.பொ.சி.க்கும் ஆதித்தனாருக்கும் நேர்ந்ததை ஒத்தது இது.

எண்களுக்கு எட்டாதவை

இவ்வளவும் தொகுதிக் கணக்கை வைத்துச் சொல்லப்பட்டவை. ஓர் ஊரின் மொத்தத்தைக் கொண்டு அங்குள்ள தனியாளின் செயலை ஊகிப்பது எவ்வளவு ஏமாற்றும் என்று வில்லியம் ராபின்சன் 1950லேயே காட்டிவிட்டார். 2019இல் அ.ம.மு.க.வுக்கு வாக்களித்த பழனிக்காரர் 2024இல் மைக்கை அழுத்தினாரா, பா.ம.க.வின் மாம்பழத்தை அழுத்தினாரா என்று 97,845 என்ற எண் சொல்லாது. ஒரே ஆட்களை இரண்டு மூன்று தேர்தல்கள் தொடர்ந்து பேட்டி கண்டால்தான் அது தெரியும்.

கிடைத்த சான்றுகளை எடைபோட்டால் சிலவற்றை ஓரளவு துணிந்து சொல்லலாம். இரு தேசியங்களும் அடையாளங்களைப் பகிர்கின்றன; வாக்காளரைப் பகிர்வதற்குப் போதிய சான்று இல்லை. திண்டுக்கல்லில் முதன்மை அணிகளுக்கு வெளியே நிற்பவருக்கென்று ஒரு தொகை வாக்கு கட்சி பேதமின்றிக் கிடைக்கிறது. அதற்குள் நாம் தமிழருக்கே உரிய ஒரு கரு சேர்ந்து வருகிறது. பெரிய கட்சிகள் சொந்த வேட்பாளரை நிறுத்தாமல் தொகுதியைக் கூட்டாளிக்குத் தள்ளிவிடும்போது அது பெருக்கிறது.

அந்தக் கரு எந்த வயதினர், எந்தச் சமூகத்தினர், ஆணா பெண்ணா என்பது திறந்தே இருக்கிறது. மூன்றாவது நாற்காலிக்கு விஜய்யின் கட்சி உரிமை கோரும்போது அதில் எத்தனை பேர் சீமானோடு நிற்பார்கள் என்பதும் அப்படியே. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் வாக்காளரைப் பற்றி இதுவரை யாரும் முறையாகக் கேட்டுப் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஆய்வு ஒட்டன்சத்திரத்திலோ வேடசந்தூரிலோ தொடங்கினால் பயன் இருக்கும்.